கிணற்றில் இறங்கிய பெண்ணைத் தேடிப் பெருமாட்டிக்கு

போன தை மாதம், கோவையில் ஒரு கண்காட்சி. ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பில் கயிறு கட்டிய இளம்பெண் கிணற்றுக்குள் இறங்குகிறாள். எடுத்தவர் ஞானவேல். விவசாயிகளின் அன்றாடத்தையே வாழ்நாள் முழுக்கப் படம்பிடித்தவர். என்னைப் போன்ற பலர் கேமராவைத் தூக்கியதற்கே அவர்தான் காரணம். அவர் இப்போது இல்லை. படத்தின் கீழே 'பெருமாட்டி' என்று ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. பொள்ளாச்சியைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் கிராமம். அந்தப் பெண் இருப்பாளா? சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பொள்ளாச்சியில் பேருந்து. கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடுகின்றன. பேச்சு மட்டும் அதே கோயம்புத்தூர்ப் பேச்சு. கொழிஞ்சாம்பாறையில் இறங்கி, ஒரு ஆட்டோக்காரரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க, இது நம்ம மயிலாத்தா அக்காளுங்க! ஏறுங்க, ஊட்டுக்கே கொண்டுபோயி உடறேன்."

இருநூறு ரூபாய் பேசி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருபது நிமிடம் போனோம்.

மயிலாத்தாள் தோப்பில் சொட்டுநீர்க் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் அதே முகம்! படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கன்னுக்குட்டி உழுந்துபோச்சு கண்ணு. யாரு எறங்கறதுன்னு ஆம்பளைங்க பேசிட்டே நின்னாங்க. நான் கயித்தைக் கட்டிட்டு எறங்கிட்டேன்."

"ஞானவேல் சார் எப்படி அங்கே?"

"தோப்பைப் படம் புடிக்க வந்தவரு. இந்த ஒண்ணு எடுத்தாரு. அதுக்குள்ள கயித்தைப் புடிச்சிருந்தவன் வழுக்கி உழுந்துட்டான். நான் சர்ருனு கீழ போறேன். இவரு கேமராவைக் கடாசிட்டு ஓடியாந்து கயித்தைப் புடிச்சாரு பாரு, ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சுபோச்சு."

கன்று பிழைத்தது. கேமரா நொறுங்கியது, உள்ளே இருந்த ஃபிலிம் மட்டும் தப்பியது. கை ஆறும்வரை அவரை இந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மயிலாத்தாளின் மாமியார்தான் சோறு பிசைந்து ஊட்டினாராம். அதன்பிறகு புதுக் கேமராவோடு வருஷா வருஷம் வந்திருக்கிறார். அவருடைய படங்களில் யாருமே விறைத்து நிற்பதில்லையே, அது எப்படி என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டதுண்டு. லென்ஸில் ஒன்றுமில்லை. அவர் வந்தால் இங்கே யாரும் எழுந்துகூட நிற்க மாட்டார்களாம்.

கிணற்றைக் காட்டச் சொன்னேன். "மொதல்ல உக்காந்து சாப்புடு" என்றார். சாப்பிட்டேன், பார்த்தேன், மூன்றே மூன்று படம் எடுத்தேன்.

நீங்களும் போவதாக இருந்தால், பொள்ளாச்சியிலிருந்து பேருந்துக்குப் பஞ்சமில்லை. தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், தொப்பி தங்காது. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். முழுநாளை ஒதுக்குங்கள்.

கிளம்பும்போது, ஞானவேல் இறந்த செய்தி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பேப்பர்ல பாத்துட்டு அன்னிக்கே வண்டி புடிச்சுப் போயிட்டோம். அங்க நம்மளை யாருக்குத் தெரியும்? நீங்க யாருன்னு கேட்டாங்க. தங்கச்சின்னு சொன்னேன். கோடித்துணி போட வழி உட்டுட்டாங்க, கண்ணு."