மலைப்பாம்பு தந்த தோரணம்

காட்சி பங்களா என்று சொல்கிற மியூசியத்துக்கும் அதன் மிருகசாலைக்கும் பின்னால், நந்தன்கோட்டு லைன் வீடுகளில் ஞானபாயின் வீட்டை யாரும் விசாரித்துத் தேட வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் சுவரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மயில்கள் இறகு உதிர்த்த வருஷம் சுவர் முழுக்க மயில். முள்ளம்பன்றி முள் உதிர்த்த வருஷம் வாசல் நட்சத்திரத்துக்கு மூங்கிலுக்குப் பதில் முள். ஒரு தடவை தீக்கோழி முட்டையோட்டை விளக்குக்கு மூடியாகக் கவிழ்த்தாள். அந்த வெளிச்சத்தில் வந்தவர்களெல்லாம் மஞ்சள்காமாலை கண்டவர்களைப் போலத் தெரிந்தார்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் புருஷன் சத்தியதாஸ் மிருகசாலையில் பாம்புகளுக்குத் தீனி போடுகிறவர். சர்க்கார் சம்பளம் கொடுத்தது. அலங்காரத்தை மிருகங்கள் கொடுத்தன. கடையில் வாங்குவதில் ஞானபாய்க்கு நம்பிக்கையே கிடையாது.

"பெத்லகேம் தொழுவத்துல யாரு கலர் பேப்பர் ஒட்டினா?" என்று ஒருமுறை போதகரிடமே கேட்டாள். அவர் வேதாகமத்தை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்லை" என்று ஒப்புக்கொண்டார்.

உலக யுத்தம் உச்சத்திலிருந்த அந்த வருஷம் மட்டும் அவளே கலர் பேப்பர் தேடிப் புறப்பட்டாள். மகள் ஜெயபாய்க்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தவறிப்போயிருந்தது. "பாம்புக்காரன் மகளா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. இப்போது மார்த்தாண்டத்திலிருந்து மூன்றாவது இடம். பையன் ராஜையன், கம்பவுண்டர். சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் பக்கத்து வரிசையில் நின்று எல்லாப் பாட்டையும் தப்பான ராகத்தில் பாடினவன். அதிலேயே ஜெயபாய்க்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தரகரிடம் இந்தத் தடவை "அப்பாவுக்கு மியூசியத்துல உத்தியோகம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

பையனின் அம்மா லீலாபாய் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்கிறவள். ஒரு வீட்டில் காகிதப்பூ போன வருஷத்தது என்று கண்டுபிடித்து, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவள். கிறிஸ்துமஸ் சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

சாலைக் கடைத்தெருவில் கலர் பேப்பர் என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். யுத்தம் அதையும் தின்றுவிட்டது. வெறுங்கையோடு திரும்பிய ஞானபாயின் முன்னால் சத்தியதாஸ் ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே பாம்புகள் உரித்துப்போட்ட சட்டைகள். நாகம், சாரை, எல்லாவற்றுக்கும் மேலே மலைப்பாம்பின் சட்டை: சபைக் கோயில் பெஞ்சைவிட நீளம், கண்ணாடிபோலப் பளபளப்பு, பின்னின வலைபோலக் கட்டம் கட்டமாக.

"தூரக் களையச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல்லே," என்றார்.

ஜெயபாய் அலறினாள். "அம்மா! கிறிஸ்து பிறந்த நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள பாம்பா?"

"பாம்பு எங்கேட்டி வந்தது? அதுக்க உடுப்புதானே வந்திருக்கு. ஏதேன் தோட்டத்துல செய்த வேலைக்கு இப்பமாவது ஒரு உபகாரம் செய்யட்டும்."

சட்டைகளைக் கஞ்சித் தண்ணீரில் அலசி, பனிநீர் தெளித்து, மஞ்சளில் சிலதையும், சலவை நீலத்தில் சிலதையும், குடிதண்ணீருக்குப் போடும் பதிமுகப் பட்டையில் சிலதையும் முக்கினாள். ரோஸ், நீலம், மஞ்சள் என்று சுருள் சுருளாகக் கூரையெல்லாம் தொங்கின. மலைப்பாம்பின் சட்டைக்கு மட்டும் சாயமில்லை. நடுவாசலுக்கு மேலே வெள்ளையாக வளைந்து கிடந்தது. அவ்வளவு அழகான வாசல் அரண்மனைக்கே கிடையாது என்று சொன்னால் அரண்மனைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

லீலாபாய் மகனோடு வந்தாள். பெண்ணைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். ராஜையன் முந்திரிக்கொத்துத் தட்டைப் பார்த்தான்.

"இந்த யுத்த காலத்துல இது எங்கேந்து கிட்டிச்சு? சீமைச் சரக்கோ?"

"இவங்ககூட வேலை பாக்கிற ஒருத்தர் தந்தது," என்றாள் ஞானபாய். "ரொம்ப சாது. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டார். தின்னுட்டு ஒரு மூலையில கெடப்பார்."

சத்தியதாஸ் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

லீலாபாய் எக்கி நின்று நடுவாசல் வெள்ளையை இறக்கினாள். தடவிப் பார்த்தாள். தலையில் போட்டு, இரண்டு தோளிலும் வழிய விட்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள்.

"கல்யாணப் பொண்ணு தலையில போடுத நெட்டுக்கு ஊரெல்லாம் அலையுதாங்க. இதைப்போல ஒண்ணு மெட்ராஸ்லகூடக் கிட்டாது. கேட்டியளா ஞானபாய், இதுதான் ஜெயபாய்க்கு நெட்டு. சம்பந்தம் உறப்பிச்சாச்சு!"

ஞானபாய்க்குச் சந்தோஷத்தில் வாய் திறந்தது, பயத்தில் திறந்தபடியே நின்றது. ஜெயபாய் ஒரு தடவை ராஜையனைப் பார்த்தாள். அவன் வாய் நிறைய முந்திரிக்கொத்தோடு சிரித்தான். பாவம், நல்லவன். இவன் பக்கத்தில் பொய்யைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மாமி, அது நெட்டு இல்லே. மலைப்பாம்புச் சட்டையாக்கும். அப்பாவுக்குப் பாம்புக் கூண்டுலதான் வேலை."

 லீலாபாய் இரண்டு கையாலும் அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். சட்டை கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் ஆர்மோனியம் முழங்க, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கீத பவனிக்காரர்கள் வந்து நின்றார்கள். முன்னால் போதகர், பக்கத்தில் போதகரம்மா.

"அடடா!" போதகரம்மா நேரே லீலாபாயிடம் வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு நேர்த்தியான லேஸ்! எங்கே வாங்கினது, அக்கா?"

சபைக்கு நடுவில் தலையில் பாம்புச் சட்டையோடு நிற்கிறேன் என்று சொல்கிற தைரியம் மார்த்தாண்டத்தில் யாருக்கும் இல்லை. பிய்த்துக்கொண்டிருந்த கையாலேயே லீலாபாய் அதை நேராக்கிவிட்டுக்கொண்டாள்.

"கொழும்புலேந்து... எனக்க தம்பி அனுப்பினான்."

"அதான பார்த்தேன்! புது வருஷத்துக்குப் பிரசங்க பீடத்தைச் சுத்திக் கட்ட ஒரு முழம் கிடைக்குமா?"

"ஒரு முழம் என்னத்துக்கு? அதோ, தொங்கிறதை எல்லாம் எடுத்துக்கிடுங்க," என்றாள் லீலாபாய், அவசரமாக.

பாடிவிட்டு, ரோஸையும் நீலத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். 

"அம்மா," என்றான் ராஜையன், "நமக்குக் கொழும்புல மாமா உண்டா?"

"வாயைப் பொத்திட்டுத் தின்னுலே!"

சத்தியதாஸ் மெதுவாக உள்ளே வந்து, பக்குவமாக ஊசியிலிருந்து சட்டையை விடுவித்தார். பழக்கப்பட்ட கை.

"இதுல விஷம் உண்டா?" என்றாள் லீலாபாய்.

"மலைப்பாம்புக்கு விஷமே கிடையாது அக்கா."

"பாம்பை யாரு கேட்டா? உங்க பொண்டாட்டியைக் கேக்கேன்."

ஞானபாய் தலையைக் குனிந்தாள். ஆனால் வாயைக் குனியவைக்க அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. "அக்கா, சம்பந்தக்காரங்களுக்க ரகசியம் எனக்க வயித்துலயே கெடக்கும். மத்தவங்க ரகசியம்தான் ஒரு நாளு கூடத் தங்காது."

லீலாபாய் அவளை முறைத்தாள். பிறகு ஜெயபாயின் பக்கம் திரும்பினாள்.

"நீ உள்ளதைச் சொன்னே. நல்லது. நான் தலையில எடுத்துப் போடதுக்கு முன்னமே சொல்லியிருந்தா இன்னும் நல்லது. கல்யாணத்தை ஈஸ்டர் கழிஞ்சு வச்சுக்கிடலாம். நெட்டு நான் வாங்குவேன். கடையில!"

நிச்சயத்தை முடிப்பதற்காகப் புது வருஷம் வரை அவள் தங்கினாள். அன்றைய ஆராதனையில் பிரசங்க பீடம் ரோஸும் நீலமுமாக ஜொலித்தது. போதகர் அதை விரலால் வருடி வருடிப் பேசினார். முன்வரிசையில் லீலாபாயும் ஞானபாயும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கக் கண்ணீர் விட்டார்கள். அப்படி உருக்கமான பிரசங்கத்தைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று போதகர் கடைசிவரை நம்பினார்.