வெள்ளாங்குளத்துக் கிணற்றின் மூன்று படைகள்

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே முதலில் போனது அறுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி விடுமுறையில். ஊர் பார்க்கப் போகவில்லை. கிணறு வெட்டும்போது மண் சரிந்து அத்தானின் கால் நசுங்கிவிட்டதென்று அக்கா தந்தி அடித்திருந்தார். அந்தக் கிணற்றை வெட்டச் சொன்னவன் நான்.

யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியேறிய காணியில் தண்ணீர் இல்லை, திரும்பி வரட்டோ என்று அக்கா கேட்டபோது, அங்கேயும் அடியில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்தான் இருக்கிறது, வெட்டுங்கள், ஊறும் என்று எழுதினேன்.

காலை 6.10 கோச்சியில், அதாவது ரயிலில், ஏறி 9.20க்கு மாங்குளத்தில் இறங்கினேன். அங்கிருந்து துணுக்காய் வழியாக பஸ். ஏறக்குறைய 24 மைல், இரண்டு மணி நேரம், ஒரு ரூபாய் இருபது சதம். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சாரதி கேட்டார். விபத்தைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா வீட்டு ஒழுங்கையடியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தார். கிணறு வெட்டும் சின்னராசாவும் ஆட்களும் சரிந்த மண்ணை அள்ளி, சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை கயிற்றில் இறங்கினேன்.

சுவரில் மூன்று படைகள், அதாவது மண் அடுக்குகள், தெரிந்தன. அடியில் மங்கலான வெள்ளைக்கல். அதற்குள் மெல்லிய சிப்பிகள் உடையாமல் கிடந்தன. அலை அதிகம் அடிக்காத ஆழம் குறைந்த கடலில், சேறு மெல்லப் படிந்து இறுகியிருக்க வேண்டும். அதற்கு மேல் உடைந்த சிப்பியும் உருண்ட பரல் கற்களும், அது பழைய கடற்கரை. கடல் பின்வாங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் பதினெட்டு அடிக்குச் சிவப்பு மணல், ஒரு சிப்பிகூட இல்லை. காற்று கொண்டுவந்து குவித்த மணல். சிப்பியின் சுண்ணாம்பு கீழே இருந்ததைக் கல்லாகப் பிணைத்திருந்தது. மேலே பிணைக்க எதுவும் இருக்கவில்லை. விரலால் தொட்டேன், பொலபொலவென்று கொட்டியது.

மேலே வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லைப் பற்றி எழுதினனி. மணலைப் பற்றி ஏன் எழுதேல்லை?"

"நான் அதை யோசிக்கேல்லை, அக்கா."

அவர் எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெட்டுவதை நிறுத்த அத்தான் விடவில்லை. ஒன்பதாம் நாள் கல்வெடிப்பில் நீர் கசிந்தது. நல்ல தண்ணீர். மணல் படை முழுவதையும் கல்லால் கட்டி முடிக்க மாசி ஆகிவிட்டது.

இப்போது போகிறவர்கள் கட்டிய கிணறுகளில் படைகளைத் தேட வேண்டாம். புதிதாக வெட்டும் குழி இருந்தால் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். விளிம்பிலிருந்து நாலு முழம் தள்ளியே நில்லுங்கள். பங்குனி தொடங்கி வெயில் கடுமை.

கட்டி முடித்தபின் நான் மறுபடி போனபோது, அத்தானை அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கிப்போய்க் கிணற்றடியில் வைத்தோம். தண்ணீரைப் பார்த்தபடி, மண் சரிந்தபோது தான் நின்ற இடம் எந்த மட்டம் என்று கேட்டார். சுவரெல்லாம் ஒரே மாதிரிக் கல். என்னால் காட்ட முடியவில்லை.