தவராசா அவர்களுக்கு நான் கொடுத்த தேத்தண்ணி

என் மூத்த பேரன் யூனிவேர்சிற்றியில் எஞ்சினியர் படிப்பை முடித்துவிட்டான். இளையவனுக்குக் கணக்கில் மெடல் கிடைத்தது. பேத்தி துளசி இந்தக் கோடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தலைவியாக வடக்கே காட்டு ஏரிகளுக்குத் தோணியில் போய்வந்தாள். இதையெல்லாம் இங்கே கனடாவிலேயே பிறம்ரனில் இருக்கிற தங்கைக்கு ரெலிபோனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இடைமறித்தாள்.

"அக்கா, துளசியோடை தோணிக்குப் போற தவராசா மோசம் போயிட்டாராம். நெஞ்சு வருத்தத்திலை உயிர் போயிட்டுதாம்."

"எந்தத் தவராசா?" என்று கேட்டேன். எந்தத் தவராசா என்று எனக்குத் தெரியும்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மனைவி கேட்டது துளசியைத்தான். நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தவராசா அவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தவர். ஊரில் கடலில் தோணி வலித்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் கோடையில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவார். ஐந்து நாள் பயணம். ஒரு ஏரி முடிந்தால் தோணியைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். தோணியில் விழுந்த ஓட்டை ஒன்றை இவர் யாரும் கேட்காமலே அடைத்துக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு வாத்தியார் இவர் இல்லாமல் போனதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு துளசியும் போகக் கேட்டாள். பதினாலு வயது. "தோணி வலிக்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்று நான் மறித்தேன். மகளும் மருமகனும் என் பேச்சுக்குப் பயந்து கையெழுத்து வைக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு, வேலை முடிந்த கையோடு தவராசா அவர்கள் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரம், ஒரு பெண் வாத்தியாரும் வருகிறார், எல்லாருக்கும் மிதவைச் சட்டை உண்டு என்று பொறுமையாகச் சொன்னார்.

நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஊரிலை எவடம்?"

ஊரைச் சொன்னார்.

"அதிலை எவடம்?"

அவருக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஒளிக்காமல் குறிச்சியின் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டார் தண்ணீர் வெந்நீர் புழங்காத குறிச்சி. குசினிக்குள் போனேன். மருமகனுக்குக் கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன். அவருக்கு, பிறந்தநாளில் மிஞ்சிக் கிடந்த கடுதாசிக் கோப்பை ஒன்றைத் தேடி எடுத்து ஊற்றினேன்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "கடுதாசிக் கோப்பை நல்லது அம்மா, கழுவுற வேலை இல்லை" என்றார். குடித்து முடித்து, குப்பைக்குள் போடாமல் வெறுங்கோப்பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மருமகன் அந்த இடத்திலேயே பேனை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

அந்தப் பயணத்தில் இரண்டாம் நாள் காற்றடித்துத் துளசியின் தோணி கவிழ்ந்தது. தவராசா அவர்கள் உடுப்போடு குதித்து, அவளையும் கூட இருந்த பிள்ளையையும் கரை சேர்த்தார். அவளுடைய பை ஏரியோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து, கண்கள் பளபளக்கச் சொன்னாள்:

"அம்மம்மா, என்ரை கப் பையோடை போயிட்டுது. மிச்ச நாள் முழுக்க அங்கிளின்ரை தகரக் கப்பிலைதான் நானும் குடிச்சனான்."

பிள்ளை உயிரோடு வந்து நிற்கிறாள். எனக்கு வாயில் வந்தது, "உந்தக் கதையை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதை."

துளசி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஒவ்வொரு கோடையும் அவள் போனாள். துடுப்புப் பிடிக்க, முகிலைப் பார்த்து மழை சொல்ல, பயந்த பிள்ளையை முதல் தோணியில் இருத்த, எல்லாம் அவரிடம் பழகினாள். நான் அவளுடைய கெட்டித்தனத்தைக் கோயிலில், கடையில், பஸ்ஸில் சொல்லித் திரிந்தேன். பழக்கினவர் பெயரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவரை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பேன். பனி முடியட்டும் என்பேன். பனி முடிந்தால் வேறு ஒன்று வரும்.

செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார்.

"துளசியின்ரை அம்மம்மாவே? இவர் சொல்லுறவர். கனடாவிலை பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை வீடொண்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சது உங்கட வீட்டிலை மட்டும்தானாம்."

எந்தக் கோப்பையில் என்று அவர் தம் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சனம் நிறைந்த அந்த இடத்தில் எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தவராசா அவர்களின் மனைவியான தங்கச்சி, இதை வாசித்தபிறகு நீங்கள் என்னோடு பேசாமல் விட்டாலும் அது நியாயம்.

தம்பி தவராசா, உயிரோடு இருந்தபோது உங்களை நான் தம்பி என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. போய்வாருங்கோ.

மரண அறிவித்தலோடு பேப்பரில் போட்ட படம் அகதிக்குப் பதியும்போது எடுத்தது போலிருக்கிறது, பயந்த முகம். துளசி எடுத்தவற்றில் எல்லாம் தோணி அவர் தலைமேல் கிடக்கிறது, முகமே தெரியவில்லை. நல்ல வெளிச்சத்தில் சிரித்தபடி எடுத்த புதுப் படம் ஒன்று இருந்தால், தங்கச்சி, தயவுசெய்து எனக்குத் தபாலில் அனுப்பிவையுங்கள். அன்றைக்கு அவர் என் முன்னால் இருந்தபோது முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.