துருக்கறை படிந்த வெள்ளைத் துணி

ராத்தா எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன அந்த வெள்ளைத் துணியை என் மனைவி சலவைத்தூளில் ஊறவைத்தாள், தேசிக்காய் தேய்த்தாள், வெயிலில் போட்டாள். கறை அசையவில்லை. கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டு. ஓரமெல்லாம் கையால் மடித்துத் தைத்தது. நடுவே கடும் தேயிலைச் சாயம் கொட்டியதுபோல ஒரு செம்பழுப்பு. ஸ்கூட்டரில் படியும் பனியைத் துடைப்பதற்கென்று இருக்கைக்கு அடியில் ராத்தா வைத்திருக்கும் துணி அது. அந்தக் கறை எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். மனைவியிடம் சொல்லவில்லை.

ராத்தா என் மூத்த சகோதரி. கலகெதரைக்கு மேலே, பஸ் நினைத்தால் வரும் நினைக்காவிட்டால் வராத ஒரு பாதையில் அவருடைய வீடு. பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர், எங்கள் மச்சான், மௌத்தாகிப் போனதும் ராத்தா இத்தாவில் இருந்தார். வெள்ளை உடுத்தி, வாசனை பூசாமல், வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம். அது முடிந்த கையோடு அவரைக் கண்டி டவுனுக்கே கூட்டிவந்துவிடுவது என்று எங்கள் அண்ணன் பெரிய நானா தீர்மானித்துவிட்டார். தனியாள், படிப்பிக்கும் பாடசாலையோ தூரம், எப்படிப் போய்வருவது என்பது அவர் கேள்வி. “அவர்ட ஸ்கூட்டர்ல போவேன். இந்த ஊட்ட உட்டுட்டு நான் எங்கயும் வரல்ல” என்றார் ராத்தா. மச்சான் நோயில் விழுவதற்கு முன்பிருந்தே அந்த ஸ்கூட்டர் கொட்டிலில் கிடந்தது. நானா சிரித்துவிட்டு, “சரி, அது ஓடினா இரி. ஓடாட்டி வா” என்றார். ராத்தாவின் மனத்தை மாற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அனுப்பினார்கள். யார் அனுப்பினாலும் போகிற ஆள் நான்.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்ததும் பழைய பெயின்ட் போல ஒரு நாற்றம். உள்ளே டோர்ச் அடித்தால் சுவரெல்லாம் துரு, அடியில் சேறு. கராஜுக்குக் கொண்டுபோகிறேன், முதலில் இந்தப் பழைய பெற்றோலைக் கீழே ஊற்றிவிடுவார்கள் என்றேன்.

“ஊத்தவா? அது அவர் கியூல நிண்டு அடிச்ச பெற்றோல்.”

தட்டுப்பாட்டுக் காலத்தில் மச்சான் அந்த ஸ்கூட்டரிலேயே சாய்ந்து தூங்கி, விடிந்து, பிறகும் நின்று அடித்த பெற்றோல். ராத்தாவுக்கு ஏதும் அவசரம் வந்தால் வேண்டுமென்று அதைத் தொடாமல், தான் பஸ்ஸுக்கு நடந்தார். அவசரம் வந்தது மச்சானுக்கே. அன்றைக்கு அம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது.

ராத்தா உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து வாளியின் வாயில் கட்டினார். நான் தாங்கியைக் கழற்றி ஊற்றினேன். துருச் செதிலும் சேறும் துணியில் தங்கின. வாளிக்குள் இறங்கிய பெற்றோலும் தெளியவில்லை. “இது இனி எரியாது, என்ன?” என்று கேட்டார். எரியாது என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலோரம் இருந்த கறையான் புற்றில் ஊற்றினார். மச்சான் ஆயுள் முழுக்கச் சண்டைபோட்ட புற்று.

பிறகுதான் வேலை. துருவைக் கரைக்கக் கொறக்காப்புளியை அவித்து அந்தத் தண்ணீரைத் தாங்கிக்குள் விட்டு, பழைய சைக்கிள் சங்கிலியையும் போட்டு, போர்வையில் வைத்து ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினோம். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது போலத்தான் இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இத்தாவில் இருக்கிற ஆளிடம் இப்படி மணக்கலாமா என்று சீண்டினேன்.

“அத்தர்தான் கூடாது. பெற்றோலுக்கு எந்த ஆலிமும் ஒண்டும் சொல்லல்ல” என்று ராத்தா சிரித்தார். மச்சான் போனபின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அதற்காகவே இன்னொரு தாங்கியைக் கழுவச் சொன்னாலும் கழுவியிருப்பேன்.

அலசிக் கவிழ்த்தபோது உள்ளே வெள்ளிபோல மின்னியது. வெயிலில் காயட்டும் என்று விட்டுச் சாப்பிடப் போனோம். அஸர் தொழுகை நேரம் பார்த்தால் உட்புறம் முழுக்க மறுபடி செம்மஞ்சள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீன் ஆணத்துக்குப் போடுகிறதை டேங்குக்குப் போட்டால் இப்படித்தான் என்று கத்தினேன். ராத்தா குசினிக்குள் போய் இரும்பு ஆப்பத் தாச்சியோடு வந்தார்.

“இதக் கழுவி எண்ண பூசாம வெச்சா என்ன ஆகும்? நாம ரெண்டு பேரும் இதக் கூட யோசிக்கல்லயே, தம்பி.”

அடுத்த ஞாயிறு முதலிலிருந்து எல்லாம். இம்முறை அலசி, ஈரம் போகத் துடைத்து, தாமதிக்காமல் எண்ணெய் விட்டுக் குலுக்கினோம். காபரேட்டரை மட்டும் கராஜில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். புதுப் பெற்றோல் ஊற்றி நான் உதைத்து உதைத்துக் கால் விட்டுப்போன பிறகு, கொட்டில் நிறையப் புகையைக் கக்கிக்கொண்டு அது உயிர்பிடித்தது. ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

இத்தா முடிந்து நானா வேனும் வெற்று அட்டைப் பெட்டிகளுமாக வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ராத்தா பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார். நானா படியில் உட்கார்ந்து காத்திருந்தார். பகல் திரும்பிய ராத்தா, அந்தப் பெட்டிகளில் ஈரப்பலாக்காயும் கொறக்காவும் நிரப்பி அனுப்பினார். கூட்டிப்போவதைப் பற்றி நானா பிறகு வாயே திறக்கவில்லை.

நேற்று ராத்தா துணியை எடுக்க வந்தார். “எவ்வளவோ செஞ்சி பாத்தேன் ராத்தா, கற போகல்ல” என்று மனைவி சங்கடப்பட்டாள்.

ராத்தா அதை வாங்கி, கறை உள்ளே வரும்படி மடித்தார்.

“போகாதது நல்லம் மா. அவர் அடிச்ச பெற்றோல்ல மிச்சம் இவ்வளவுதான்.”

இருக்கையைத் தூக்கித் துணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, இருட்ட முன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஸ்கூட்டரை உதைத்தார்.