புளியறைத் தோப்பில் தனியாக: ஒரு சூழலியல் பயிற்சித் தேர்வுக்குப் போய்வந்த கதை

விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு ஏதோ ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு, இன்னமும் காட்டுப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்தபடி நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். தென்காசியில் ஒரு சின்ன ஆய்வுக் குழு, முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு களப்பயிற்சி தருகிறது. உதவித்தொகை உண்டு. இடம் ஒன்றே ஒன்று, வயது வரம்பு முப்பது. எனக்கு ஆகஸ்டில் முப்பது முடிகிறது. அதனால் ஜூன் கடைசியில் நடந்த தேர்வை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலை எட்டு மணிவாக்கில் தென்காசி. படுக்கைக்கு நானூற்றுச் சொச்சம். நேர்காணல் மதியம்தான் என்பதால் டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம் போனேன். ஐந்து கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம்.

குளிக்கலாம் என்றுதான் போனேன். பையில் அசல் சான்றிதழ்கள் இருந்தன. பெண்கள் வரிசையில் ஒவ்வொருத்தியும் பையை அக்காவிடம், கண்ணாடியை மகளிடம் என்று யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் யாரிடம் கொடுப்பது? கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். முகத்தில் பட்ட சாரலையே குளித்த கணக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகை வந்தது.

நேர்காணல் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு மாடி வீட்டில். வந்திருந்த ஐந்து பேரில் நான்தான் மூத்தவள். குழுத் தலைவியை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதிராமல் பேசுகிறவர். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். “பயிற்சில மாசக்கணக்கா தனியா இருக்கணும். முடியுமா?”

“பத்து வருஷமா தனியாத்தான் மேடம் இருக்கேன்” என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று மாலையே களத்தேர்வு. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால், புளியறை பக்கம் ஒரு தனியார் தோப்பில் வைத்திருந்தார்கள். பதினைந்து கிலோமீட்டர். மீரான் அண்ணாச்சி என்ற உள்ளூர்க்காரரின் ஆட்டோவில் போய்வர, காத்திருப்பும் சேர்த்து எழுநூறு ரூபாய். வழியில் கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும், நேரம் கூட்டியே கிளம்புங்கள்.

வேலை எளிது. ஆளுக்கொரு இடம், மரத்தில் கட்டிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. இரண்டு மணி நேரம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து, எந்தத் தவளை எப்போது கூப்பிடுகிறது என்று குறிக்க வேண்டும். எனக்கு ஓடைக்கரை கிடைத்தது. ஒரு புதர்த்தவளை, மேசையை நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக் என்று கூப்பிட்டது. நான் அசையவே இல்லை. சென்னைக்குப் போனதும் வேலையை விடுவது பற்றி எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் காலை எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். என்னுடையதில் முதலில் தவளை. பிறகு ஒரு பெண் குரல்.

“ஏட்டி, அட்டை ஏறுது, காலை எடு.”

தவளை நின்றுவிட்டது. அதே குரல் மறுபடி: “எடுத்துட்டேம்லா. நீ சும்மா இரி.”

மேடம் நிறுத்தினார். “கூட யாரு இருந்தா?”

“யாரும் இல்ல மேடம்.”

இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார். “எங்கன போச்சு? ஆங், அங்கன இருக்கு.” என் குரல்தான். சென்னையில் யாரிடமும் பேசாத என் அம்பாசமுத்திரத்துத் தமிழ். பதிவு முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். பேசும்போதெல்லாம் தவளை வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த பையன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு மேடம் என்னைத் தனியே அழைத்தார். “தனியா இருக்கவங்க பேசத்தான் செய்வாங்க, நானும் பேசுவேன். ஆனா நீங்க பேசுனது உங்களுக்கே தெரியலையே. ஒரு வருஷப் பதிவை நான் எப்படி நம்பிக் குடுப்பேன்?”

அவர் சொன்னது நியாயம்தான். இடம் கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது.

ஸ்டேஷனுக்கு மீரான் அண்ணாச்சியே கொண்டுவிட்டார். தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“சவுதில பன்னெண்டு வருசம் லாரி ஓட்டுனேம்மா. வண்டிகூடப் பேசிக்கிட்டேதான் போவேன். ஊருக்கு வந்தும் விடல பாத்துக்கிடுங்க. ஒரு நாளு எங்க வீட்டுல, ‘யாருட்ட பேசுதிய?’ன்னு கேட்டா. அப்பந்தான் எனக்கே தெரிஞ்சுது.”

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன், ஜூலையில் போனால் அட்டைக்கு முழங்கால் வரை காலுறை அவசியம். சீசனில் அறை ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது, குற்றாலத்தைவிடத் தென்காசியில் தங்குவது மலிவு. சான்றிதழ்களை அறையில் பூட்டிவிட்டு அருவிக்குப் போங்கள், குளிக்காமல் திரும்பாதீர்கள். வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைப்போலக் கடைசி வருஷத்துக்கு விட்டுவைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் தனக்குத்தானே பேசுகிற ஆளா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். எனக்குத்தான் கேட்க ஆள் இல்லை.