சூளையில் வெந்த பிள்ளையார்

ஏழாம் வகுப்பில் எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் இருக்கவில்லை. அதிலும் மண் விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அம்மாவின் தம்பி, என் மாமா, உத்திரமேரூர் பக்கத்தில் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவர்.

பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஏரி மண்ணில் ஆளுக்கொரு பிள்ளையார் செய்து காயவைக்க வேண்டும். காலாண்டு லீவு முடிந்ததும் தண்ணீரில் போட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறார் என்று குறிப்போம், இரண்டு பிள்ளையார் கண்காட்சிக்குப் போவார்கள் என்றார். நான் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டேன். கடைசிவரை நிற்பவர்தானே ஜெயித்தவர்?

என் பிள்ளையாரை மாமாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழைக்கு முன் போடும் கடைசிச் சூளையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு பாப்பா இத்த சுடணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு மாமா. நல்லா கெட்டியா இருக்கணும்."

தண்ணீர் பேச்சையே நான் எடுக்கவில்லை. அவர் இன்னும் சுடாத பச்சைக் கற்களுக்கு நடுவில் பிள்ளையாரை உட்காரவைத்து மூடினார். லீவு முடிவதற்குள் பிள்ளையார் செக்கச் சிவந்து வெளியே வந்தார், தும்பிக்கையில் ஒரு கீறல் இல்லை.

வகுப்பில் வாளிகளில் தண்ணீர் வைத்தார்கள். மதியத்துக்குள் மற்ற எல்லாப் பிள்ளையாரும் சேறாகிவிட்டார்கள். என்னுடையவர் நாலு குமிழி விட்டதோடு சரி. பிள்ளைகள் சிரித்தார்கள், வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். சுட்ட மண் மறுபடி பழைய மண்ணாகாது என்று டீச்சர் பலகையில் எழுதி விளக்கினார். என் காதில் விழுந்ததோ, என் பிள்ளையாரும் கண்காட்சிக்குப் போகிறார் என்பது மட்டும்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கண்காட்சியில் மேசை மேல் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் என் வகுப்புத் தோழியின் பிள்ளையார் சேறாகக் கிடந்தார். இன்னொன்றில் என்னுடையவர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மேசையின் முன்பக்கம் டீச்சர் ஓர் அட்டை ஒட்டியிருந்தார். பின்னால் நின்ற எனக்கு அது தெரியவில்லை, எட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை.

"எத்தினி நாளானாலும் இவரு கரைய மாட்டாருங்க!" என்று வந்தவர்களிடமெல்லாம் முழங்கினேன்.

மாமா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்ட அந்த அட்டையைப் படித்தார். 'ஏரிக்கு எது நல்லது?' என்ற கேள்விக்குக் கீழே, தோழியின் தொட்டிக்கு நேராகப் பச்சையில் டிக். என் தொட்டிக்கு நேராகச் சிவப்பில் பெருக்கல் குறி. மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்து வந்த பெரியவர், "யார் பண்ணது இது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க சுட்டேன். புள்ள மேல தப்பு ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! நான் பாடுபட்டு வாங்கிய பெயரில் பங்குக்கு வந்துவிட்டாரே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவரும் அட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அங்கே பங்கு போட இருந்தது பழி மட்டும்தான் என்று எனக்கு எங்கே தெரிந்தது!