தொடாதீங்க, பலகை வரட்டும்

ஏணி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள், அவளோடு வேலை பார்த்த பெண்கள். ஆளும் உயரம், ஏறவும் பயமில்லை. மற்ற பெயிண்டர்கள் சாரத்தில் ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரஷ்ஷை ஓட்டுவார்கள். அவளோ இரண்டு கையையும் விட்டுவிட்டு, கீழே போகிற மணல் வண்டிக்காரனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். காண்ட்ராக்டர்கூட அவளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் காலையில் இரண்டாம் மாடி வெளிச்சுவருக்கு முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தின் கட்டு அவிழ்ந்தது. மணல் குவியலை ஒட்டி மல்லாந்து விழுந்தாள். உயிர் போகிற வலி. ஆனால் நினைவு தப்பவில்லை. பாதத்துக்கு அடியில் ஈர மணல் சில்லென்று இருந்ததும், கால் கட்டைவிரலை மடக்கி அதைத் துழாவியதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஓடி வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். வினை அங்கேதான் வந்தது. "தூக்கு, தூக்கு" என்று இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தார்கள். அவளுடைய உயிர்த்தோழி குள்ளி கால்களைப் பிடித்தாள். சிமெண்ட் இறக்க வந்த வேனில் மூட்டை மாதிரி மடக்கி ஏற்றினார்கள். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அலறினாள். பாதி வழியில் அலறல் நின்றது. வலி குறைந்துவிட்டது என்று குள்ளி சந்தோஷப்பட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"விழுந்ததுல போச்சா, தூக்குனதுல போச்சா டாக்டர்?" என்று கேட்டாள் குள்ளி.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா முதுகுல அடிபட்டவங்கள மடக்கித் தூக்கக் கூடாது."

"அத எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஏணியின் வீட்டுக்காரர் தச்சர். பேச்சுக் குறைவு, கைவேலை அதிகம். வாசல்படியை இடித்துச் சரிவாக்கினார், கதவை அகலப்படுத்தினார், அடுப்பு மேடையைத் தாழ்த்தினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள்: தலையெழுத்து. ஏணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு வெளிநாட்டில் அதே பெயிண்ட் வேலைக்குப் போயிருந்த அவள் தம்பியும் விழுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அவனுக்கும் முதுகெலும்புதான். அவள் அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவன் லீவில் வந்தான். லேசாகக் காலை இழுத்துக்கொண்டு, ஆனால் தன் காலாலேயே நடந்து வந்தான்.

வாசலோடு நின்றவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னடா, எதையோ திருடிட்டு வந்தவன் மாதிரி நிக்கிற? உள்ள வா."

"உன்ன இப்படி வெச்சுட்டு நான் நடந்து வர்றதுக்கு வெக்கமா இருக்குக்கா."

"நீ நடக்கிறதுல எனக்கென்னடா கஷ்டம். உன்ன எப்படித் தூக்குனாங்க, அதச் சொல்லு."

அவன் சொன்னான். கூட இருந்தவன் ஒருத்தன் பதறிப்போய்க் கையைப் பிடிக்க வந்தபோது மற்றவர்கள் அதட்டி விலக்கினார்களாம். தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டாராம். ஆம்புலன்ஸ் வந்ததும் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் கட்டி, ஒரே மட்டமாகத் தூக்கினார்களாம். ஆபரேஷன் முடிந்ததும் நடக்கச் சொல்லிக்கொடுக்கவே தனியாக ஒரு ஆள். "இதெல்லாம் அங்க வேலைக்குச் சேரும்போதே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துருவாங்கக்கா."

அவள் முழுக்கக் கேட்டு முடித்தாள். பிறகு சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே மாதிரி எலும்பு. ஒரே வேலை. நீ நடக்கிற, நான் கெடக்கேன். தலையெழுத்து எழுதுனவன் யாரு எந்த ஊர்ல வேலை பாக்குறாங்கன்னு விசாரிச்சுட்டா எழுதுனான்?" வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஆள் நீளத்துக்கு ஒரு பலகை வேணும். ரெண்டு பக்கமும் கை நுழையிற மாதிரி ஓட்டை போட்டுக் குடுங்க."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. உளியை எடுத்தார். பழைய கார் பெல்ட்டுகளைத் தம்பி வாங்கி வந்து வார் தைத்தான்.

காண்ட்ராக்டர் அப்போது வேறொரு கட்டிடம் எழுப்பிக்கொண்டிருந்தார். சாரத்தைக் கட்டியிருந்த விதம் மாறவில்லை. வீட்டுக்காரர் பலகையைச் சுமந்து வர, ஏணி சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் நடுவாசலில் நிறுத்தினாள். பின்னால் வந்த செங்கல் லாரி ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"என்னம்மா இது வம்பு? வேலை கெடுது," என்றார் காண்ட்ராக்டர்.

"மேல ஏறுற எல்லாருக்கும் இடுப்புல பெல்ட் குடுங்க. இந்தப் பலகைய மாட்ட ஒரு ஆணி அடிங்க. போயிடறேன்."

"பெல்ட் போட்டா வேலை ஓடாது. உலகத்துல எங்கயும் நடக்காத விஷயமா கேக்குற."

"நடக்குது. என் தம்பி அங்கிருந்துதான் வந்திருக்கான். நாங்க மட்டும் என்ன மட்டமான சரக்கா?"

காண்ட்ராக்டர் அவளை நகர்த்தச் சொல்லி ஆட்களைப் பார்த்தார். குள்ளிதான் முன்னால் வந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நானும் ஏறல," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்கள்.

"சும்மா உக்காராதீங்க," என்றாள் ஏணி. "என்னக் கீழ எறக்குங்க. விழுந்தவ மாதிரி படுக்கிறேன். தூக்கிப் பழகுங்க."

யாரும் கிட்டே வரத் துணியவில்லை. குள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னால முடியாதுடி. அன்னிக்கு உன் கால நான்தானே..."

"எனக்கும் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? அழுதது போதும், வந்து தலையப் பிடி. இனிமே என்கிட்ட ஒடையிறதுக்கு ஒண்ணுமில்ல, தைரியமா வாங்க."

முதல் தடவை அவளைச் சாக்கு மாதிரி உருட்டினார்கள். அவள் படுத்தபடியே திட்டினாள். மறுபடியும் தூக்கினார்கள், மறுபடியும் திட்டு வாங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் பலகை ஆடாமல் மேலே எழுந்தது. அதன்மேல் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி, "இப்ப சரி," என்றாள்.

காண்ட்ராக்டர் ஆணி அடித்தார். பெல்ட் பாதிப் பேருக்குத்தான் வந்தது. மீதிப் பாதிக்காக அவள் மறுபடியும் வாசலை அடைத்தாள். வேறு சில கட்டிடங்களில் அவளைக் கண்டதும் கேட்டைச் சாத்தினார்கள். கேட்டுக்கு வெளியே, டீ குடிக்க வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், பலகை மாட்டியிருந்த அந்தக் கட்டிடத்தில் ஒரு பிளம்பர் படிக்கட்டு இடைவெளியில் விழுந்தான். "தொடாதீங்க, பலகை வரட்டும்," என்று முதலில் கத்தியவள் குள்ளி. தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளுக்குக் கை மரத்துப்போனது, அவ்வளவு நேரம். அந்த ஆள் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அன்று சேதி கேட்டதும் ஏணி சந்தோஷப்பட்டாள். ஆனால் ஆம்புலன்ஸ் தாமதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரமே சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. ஏறிப்போகச் சரிவு கிடையாது. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் வாசலில் நின்ற ஊழியர்.

"நான் மேல வர முடியாது. அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? எறங்கி வரச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊழியர் வேறு வழியில்லாமல் மேலே போனார்; அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். மாடியிலிருந்து இரண்டு பேரின் செருப்புச் சத்தம் இறங்கி வரத் தொடங்கியது.